சக்கரத்துக்கு மேலே நாலு விரல்

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே காலுக்கு ரேடியோ கரகரத்தது.

“நெவில், கேக்குதா? உன் பின்னாடி வர்ற லாரி.”

கார் இழுத்துவந்த வீட்டு வண்டி, கேரவன். அதன் முதுகில் பெயர் ஒட்டியிருந்தது. நெவில், கோரல், அலைவரிசை நாற்பது. எட்டு வருடம் முன்பு, கேரவன் வாங்கிய அன்று நெவில் ஒட்டியது. பின்னால் வருகிறவர்கள் எல்லாரும் அவனைத்தான் கூப்பிடுவார்கள்.

நெவில் மைக்கை எடுத்தான். “சொல்லு மேட்.”

“ரோட்டை அளந்துக்கிட்டே போறியே. ராத்திரி தூங்கினியா இல்லியா?”

கோரல் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். விரல் முட்டிகள் வெளுத்திருந்தன.

“நான் இல்ல மேட். பொண்டாட்டி ஓட்டுறா.”

“ஓ” என்றது குரல். “சரி. நான் தள்ளியே வர்றேன்.”

நெவில் சிரித்தான். சிரித்த பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

லாரி தள்ளி வரவில்லை. நேரான இடம் வந்ததும் மூன்று பெட்டிகளை இழுத்துக்கொண்டு அவர்களைத் தாண்டியது. அது தாண்டுகிற நேரம் முழுக்கக் காரின் முன்பக்கம் தரையில் இருக்கிறதா என்று கோரலுக்குச் சந்தேகமாக இருந்தது. ஸ்டியரிங் கைக்கு அடங்கியது. சாலைக்கு அடங்கவில்லை. ஒடித்தால் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் வண்டி திரும்பியது.

எதிரே வந்த கார் முன்விளக்கை இரண்டு முறை சிமிட்டியது. நெவில் கண்ணாடிக்கு முன்னால் ஒரு விரலை உயர்த்தினான். பகலிலும் எல்லாரும் விளக்கைப் போட்டே ஓட்டும் அந்தச் சாலையில் வணக்கம் அப்படித்தான்.

“இந்தப் பக்கம் எல்லாரும் நல்லவங்க. பாக்குறவன் எல்லாம் விளக்கடிச்சுக் கும்பிடுறான்” என்றான்.

அவனுக்கு விளக்கு தெரியும். கார் தெரியாது. கண்ணின் நடுப்பார்வை போய்விட்டது. ஓரங்கள் மட்டும் மிச்சம். ஒருவர் முகத்தைப் பார்த்தால் காது தெரியும், மூக்கு தெரியாது. இனி வண்டி ஓட்டக் கூடாது என்று மே மாதம் டாக்டர் சொன்னார். அன்று மாலை நெவில் சாவியை மேசை மேல் வைத்தான். யார் கையிலும் கொடுக்கவில்லை, வைத்தான். கோரல் எடுத்துக்கொண்டாள்.

அவள் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். வண்டி ஓட்டுவதற்குப் புதியவள் அல்ல. கேரவனை இழுப்பது மட்டும் இந்த எட்டு வருடமும் நெவிலின் வேலையாக இருந்தது. கேட்டால் “உனக்கு எதுக்கு வம்பு” என்பான்.

வீட்டை விற்றுத்தான் கேரவன் வாங்கினார்கள். இதை விட்டால் அடிலெய்டில் மகன் ஸ்காட்டின் வீட்டுப் பின்னறை இருந்தது. ஸ்காட் நல்ல பையன். பின்னறையில் ஜன்னல் ஒன்று. அதற்கு வெளியே பக்கத்து வீட்டுச் சுவர்.

மேற்கே மட்டும் அவர்கள் போனதில்லை. மரமில்லாத வெளி, அதன் ஓரத்தில் கடல், குளிர்காலத்தில் குட்டி போட வரும் திமிங்கலங்கள். கண் இன்னும் மங்கும் முன் அதைப் பார்த்துவிட வேண்டும் என்று நெவில் சொல்லியிருந்தான். “திமிங்கலம் பெருசு. நடுவுல தெரியலன்னாலும் ஓரத்துல தெரியும்.”

நேற்று இரவு அவன் வேறு சொன்னான். வழியில் வரும் செதுனாவில் சிப்பிப் பண்ணை வைத்திருக்கும் நண்பன் டாரில், வேலையாட்கள் தங்குவதற்கு ஒரு கேரவன் தேடிக்கொண்டிருக்கிறான். போன வருடமே இதைக் கேட்டான். அவனுக்குப் போன் பண்ணிவிட்டேன், புதன்கிழமை மதியம் வருகிறான் என்றான்.

“உன்னால முடியலன்னா வெக்கப்பட ஒண்ணுமில்ல, கோரல்.”

“முடியலன்னு நான் சொன்னேனா?”

“உன் தோள் சொல்லுது. காதுக்குப் பக்கத்துல ஏறி உட்கார்ந்திருக்கு.”

அது உண்மை.

*

செதுனாவில் கேரவன்கள் தங்கும் பார்க் கடலைப் பார்த்து இருந்தது. கேரவனைப் பின்னால் தள்ளி இடத்தில் நிறுத்துவது அங்கே எல்லாருக்கும் இலவச சினிமா. கோரல் திருப்ப ஆரம்பித்ததும் ஆட்கள் தேநீர்க் கோப்பையோடு நாற்காலியைத் திருப்பிப் போட்டார்கள்.

நெவில் இறங்கிப் பின்னால் போய் நின்று கை காட்டினான். “லெஃப்ட்! லெஃப்ட்! இல்ல, உன் லெஃப்ட்!”

“எனக்கு ஒரே ஒரு லெஃப்ட்தான் இருக்கு!”

“மரம் இருக்கு, மரம்!”

“அது மரம் இல்ல, ஆளு!”

நின்றிருந்த ஆள் தொப்பியை எடுத்துக் காட்டினார். சிரிப்பு எழுந்தது.

“நெவில், போய் உட்காரு” என்றாள் கோரல். இரண்டு கண்ணாடியையும் பார்த்து ஒரே மூச்சில் உள்ளே செருகினாள். யாரோ கை தட்டினார்கள். மற்றவர்கள் ஏமாற்றத்தோடு நாற்காலியை மறுபடி கடல் பக்கம் திருப்பினார்கள்.

பக்கத்து இடத்தில் தனியாக ஒரு பெண். செம்மண் படிந்த கார், சின்ன கேரவன். பெயர் மார்லீன். மீன் அறுத்துக்கொண்டிருந்தவள் கத்தியோடு எழுந்து வந்து கோரலின் காரைச் சுற்றிப் பார்த்தாள்.

“உங்க கார் ஏன் நாய் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருக்கு?”

கோரல் தள்ளி நின்று பார்த்தாள். இத்தனை வருடத்தில் முதல் முறையாகப் பார்த்தாள். காரின் பின்பக்கம் தணிந்திருந்தது. கேரவனின் மூக்கும் அதோடு தணிந்திருந்தது. காரின் முகம் வானத்தைப் பார்த்தது.

“எட்டு வருசமா அப்படித்தான்” என்றான் நெவில்.

“கம்பி போடலியா?”

“கம்பி ஓட்டத் தெரியாதவனுக்கு.”

மார்லீன் தன் கேரவனின் மூக்கைக் கத்தியால் சுட்டினாள். அங்கே இரண்டு பக்கமும் இரண்டு இரும்புக் கம்பிகள் சங்கிலியில் தொங்கின. “வாஸ்தவம். எனக்குத் தெரியாது. தெரியாமலே பெர்த்துல இருந்து வந்து சேர்ந்துட்டேன்.”

“என்ன கம்பி அது?” என்றாள் கோரல்.

“தள்ளுவண்டி தள்ளியிருக்கியா? கைப்பிடியத் தூக்கினா என்ன ஆகும்? முன் சக்கரம் மண்ணுல அழுந்தும். அவ்வளவுதான். கார்தான் தள்ளுவண்டி, இந்தக் கம்பி கைப்பிடி. சங்கிலியில இழுத்துக் கட்டினா, வால்ல உட்கார்ந்திருக்கிற பாரத்துல கொஞ்சம் முன் சக்கரத்துக்குப் போகும், கொஞ்சம் கேரவன் சக்கரத்துக்குப் போகும். இப்ப உன் முன் சக்கரம் சும்மா ரோட்டைத் தடவிக்கிட்டு வருது.”

தடவிக்கிட்டு வருது. காலையிலிருந்து கோரல் தேடிக்கொண்டிருந்த சொல் அதுதான்.

“நெவில், நம்மகிட்ட இது இருக்கா?”

“இருக்கு. வாங்கும்போதே கொடுத்தான்.”

“எங்க?”

“கல்லுக்கு அடியில.”

கேரவனின் மூக்கில், இழுவைக் கொக்கிக்குச் சற்றுப் பின்னால், ஒரு பெட்டியறை உண்டு. அதில் நெவிலின் கற்கள் இருந்தன. எட்டு வருடம் போன இடமெல்லாம் பொறுக்கியவை. கோவெலின் பச்சைக் கல், அன்டமூக்காவின் ஓப்பல் சில்லுகள், கல்லாகிப்போன மரத்துண்டுகள், வடக்கிலிருந்து வரி போட்ட கற்கள். பால் கொண்டுவரும் பிளாஸ்டிக் கிரேட்டுகளில் அடுக்கி வைத்திருந்தான். ஒரு கிரேட்டைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். எல்லாவற்றையும் வெளியே எடுத்த பிறகு அடியில் ஓர் அட்டைப்பெட்டி வந்தது. ஒட்டிய டேப் கூடப் பிரிக்கப்படவில்லை.

பாரத்தைப் பகிர்ந்து கொடுக்க வேண்டிய சாமான் எட்டு வருடமும் பாரத்தோடு பாரமாகக் கிடந்திருக்கிறது. மார்லீன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“ஓட்டத் தெரியாதவனுக்குன்னு சொன்னேல்ல?” என்றாள் கோரல்.

“சொன்னேன்.”

“அப்ப எனக்குத்தானே அது. பிரி.”

*

மாலை முழுக்க அதில் போனது. கொக்கியின் தலையை மாற்ற வேண்டியிருந்தது. திருகு இறுகியிருந்தது. நெவிலுக்குப் படத்தைப் பார்க்க முடியவில்லை, கோரலுக்குப் படம் புரியவில்லை. அவள் படித்தாள், அவன் கையால் தடவிப் பார்த்துப் பொருத்தினான். எந்தத் திருகு எந்தத் துளைக்கு என்பது அவன் விரலுக்குத் தெரிந்தது. ஆலையில் முப்பது வருடம் இரும்போடு இருந்த விரல்.

அளவும் அவன் விரல்தான். கேரவனைக் கழற்றியதும் முன் சக்கரத்தின் பக்கத்தில் மண்டியிட்டு, டயருக்கும் மேலே உள்ள தகட்டுக்கும் நடுவில் கையை நுழைத்தான்.

“நாலு விரல். கச்சிதமா.”

கற்களைத் திரும்ப மூக்கில் ஏற்றி, கேரவனை மாட்டினார்கள். மறுபடி நுழைத்தான். கை முழுக்கப் போய் மணிக்கட்டு ஆடியது.

“என்ன?” என்றாள்.

“ஒண்ணுமில்ல.”

“எத்தனை விரல் நெவில்?”

“ஆறு இருக்கும். எனக்கு அத்தனை விரல் இல்ல.”

பிறகு சங்கிலியை ஏற்றினார்கள். அதற்கு ஒரு நீளக் குழாய். கோரல் குழாயில் தன் உடம்பு முழுவதையும் தொங்கவிட்டுத்தான் கம்பி வளைந்தது. முதல் பக்கம் முடிந்தபோது அவள் தோளைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். இரண்டாவது பக்கத்துக்கு நெவிலும் சேர்ந்து தொங்கினான். கொண்டி விழுந்தது. கார் மெல்ல, வயசான ஆள் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவது போல, நிமிர்ந்தது.

அவன் கையை நுழைத்தான். “நாலு விரல். கூட ஒரு துளிக் காத்து.”

இருட்டும் நேரத்தில் கேரவனை இழுத்துக்கொண்டு ஊரைச் சுற்றி ஒரு நடை போனார்கள். படகுத்துறை, ரயில் பாதை, கோதுமைக் கிடங்கு. ஸ்டியரிங்குக்குக் கனம் வந்திருந்தது. பள்ளிப் பேருந்தின் கனம். ஒடித்தால் வண்டி யோசிக்கவில்லை. கோரலின் தோள் தானாகக் கீழே இறங்கியது.

எதிரே கார்கள் வந்தன, போயின. நெவில் ஒவ்வொன்றுக்கும் விரலை உயர்த்தினான்.

“இந்த ஊருல மரியாதை கம்மி. ஒருத்தனும் விளக்கடிக்கல” என்றான்.

கோரல் வேகத்தைக் குறைத்தாள். பிறகு சொன்னாள். “நெவில். அவங்க கும்பிடல.”

“என்ன?”

“நம்ம கார் மூக்கைத் தூக்கிக்கிட்டு இருந்துச்சு. நம்ம விளக்கு அவங்க கண்ணுல அடிச்சிருக்கு. திட்டியிருக்காங்க.”

நெவில் உயர்த்திய விரலை மெல்ல இறக்கினான்.

“எட்டு வருசமாவா?”

“எட்டு வருசமா.”

“நான் எல்லாருக்கும் கை காட்டினேனே.”

கோரல் சிரிக்கக் கூடாது என்றுதான் நினைத்தாள். முடியவில்லை. கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். கடைசியில் அவனும் சிரித்தான்.

“காலையில நெடுஞ்சாலையில ஒரு தடவை ஓட்டிப் பாக்குறேன்” என்றாள். “சரியா இருந்தா மேற்கே போறோம். இல்லன்னா மத்தியானம் டாரில் வரட்டும். நான் குறுக்கே பேச மாட்டேன்.”

“சரி” என்றான் நெவில்.

*

காலையில் அவள் எழுந்தபோது நெவில் வியர்த்துப்போய் வெளியே உட்கார்ந்திருந்தான். தேநீர் போட்டு வைத்திருந்தான். பார்க்கின் பொதுக் குளியலறையில் குளித்து வந்து, இரவு கழற்றி வைத்த சங்கிலியை நேற்றுப் போட்ட கண்ணியிலேயே ஏற்றினாள். நேற்றைவிட லகுவாக ஏறியது. பழக்கம் என்று நினைத்துக்கொண்டாள்.

ஊரை விட்டு மேற்கே போனார்கள். முதல் பத்து நிமிடம் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. முன்பக்கம் சாலையை இறுகப் பிடித்திருந்தது. பின்னால் ஏதோ ஒன்று லேசாக உறுத்தியது, செருப்பில் மணல் மாதிரி. காற்று என்று நினைத்தாள்.

கண்ணாடியில் லாரி ஒன்று பெரிதானது. தாண்டத் தொடங்கியது. அதன் காற்று கேரவனை முதலில் தன் பக்கம் இழுத்தது, பிறகு தள்ளியது. கேரவன் திரும்பி வந்தது. திரும்பி வந்தது நடுவில் நிற்கவில்லை. மறுபக்கம் போனது. மீண்டும் வந்தபோது கூடுதலாக வந்தது. காரின் வாலைப் பிடித்து யாரோ உலுக்குவது போல இருந்தது. பின்னால் பாத்திரங்கள் விழும் சத்தம். லாரி முன்னால் போய்விட்டது, ஆட்டம் போகவில்லை.

“காலை எடு!” என்றான் நெவில். “மிதிக்காதே! குமிழை அழுத்து, குமிழை!”

கேரவனின் பிரேக்கை மட்டும் பிடிக்கும் குமிழ் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இருந்தது. கோரல் ஏற்கெனவே அதை அழுத்தியிருந்தாள். ஸ்டியரிங்கை நேராக வைத்துக்கொண்டு, காலைத் தூக்கி, அழுத்தியபடியே இருந்தாள். கேரவன் பின்னாலிருந்து இழுத்துப் பிடித்தது. இன்னும் ஒரு தடவை ஆடியது. அப்புறம் அடங்கியது.

சரளைக் கல் போட்ட ஓரத்தில் நிறுத்தினாள். எஞ்சினை அணைத்தாள். காற்று உப்புப் புதர்களை உரசிக்கொண்டு போனது.

“கம்பி உதவாது” என்றான் நெவில். குரல் சின்னதாக இருந்தது. “டாரிலுக்கே கொடுத்துடலாம். போதும் கோரல்.”

அவள் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தாள். கைக்குள் ஒன்று ஞாபகம் இருந்தது. அத்தனை ஆட்டத்திலும் முன்பக்கம் விடவில்லை. ஸ்டியரிங் கடைசிவரை சாலையில் இருந்தது. ஆடியது வால்.

“முன்னாடி ஒண்ணுமே ஆகல” என்றாள். “நேத்துச் சாயங்காலம் பின்னாடியும் ஒண்ணும் ஆகல.”

“நேத்து ஊருக்குள்ள மெதுவாப் போனோம்.”

அவள் இறங்கினாள். சங்கிலி இருந்த இடத்தில் இருந்தது. முன் சக்கரத்துக்குப் போய்த் தன் கையை நுழைத்துப் பார்த்தாள். அவள் விரல் அவனுடையதைவிட மெலிது. அப்படியும் நாலு விரல் போகவில்லை. மூன்றுதான் போனது.

அங்கேயே குந்தி யோசித்தாள். அதே கண்ணி, அதே இழுப்பு. முன்பக்கம் நேற்றைவிட அழுந்தியிருக்கிறது. அப்படியென்றால் மூக்கில் பாரம் குறைந்திருக்கிறது. சங்கிலி லகுவாக ஏறியது பழக்கத்தால் அல்ல.

போய்ப் பெட்டியறையைத் திறந்தாள். கல் ஒன்றுகூட இல்லை.

கேரவனுக்குள் ஏறினாள். தட்டுகளைத் தாண்டி, கட்டிலைத் தாண்டி, கடைசியில் இருந்த குளியலறைக் கதவைத் திறந்தாள். கற்கள் அத்தனையும் அங்கே இருந்தன. வாலின் நுனியில், சுவரை ஒட்டி, கிரேட்டின் மேல் கிரேட்டாக.

நெவில் கீழே படியருகில் நின்றுகொண்டிருந்தான். அவள் காதைப் பார்த்தபடி பேசினான். அவள் முகம் தெரிய வேண்டுமென்றால் அவன் அவள் காதைத்தான் பார்க்க வேண்டும்.

“நேத்து அந்தக் குழாயில தொங்கி உன் தோள் போச்சுல்ல. மூக்குல பாரம் கொறைஞ்சா உனக்குச் சுலபமா இருக்கும்னு நெனச்சேன். நீ தூங்கிட்டு இருந்தே.”

“தனியாவா தூக்கினே?”

“ஒவ்வொரு கல்லா.”

“சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா விட மாட்டே.”

அவளுக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தினாள். “வால்ல கல்லைக் கட்டினா எது ஆடாது? என்னைக் கொல்லப் பாத்தியா? கம்பி மேல பழியப் போடுறே! அது அது வேலையச் செஞ்சுது. நீ பின்னாடி மலையத் தொங்கவிட்டா அதுக்கு அது என்ன பண்ணும்?”

ஒரு காக்கை பறந்து போனது. நெவில் தலையாட்டினான். உள்ளே ஏறி, ஒரு கிரேட்டிலிருந்து ஒரு கல்லை எடுத்தான். முகத்தைத் திருப்பி, கண்ணின் ஓரத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தான். தெரிந்ததா என்று அவள் கேட்கவில்லை. கட்டைவிரலால் தடவினான்.

“கொட்டிடலாம். இங்கயே. எனக்கு இனிமே என்ன தெரியப் போகுது.”

“எது அது?”

“வரிக்கல். கனனுராவுல எடுத்தது. உனக்குக் காய்ச்சல் வந்துச்சே.”

“தெரியுதுல்ல அப்ப.”

“கைக்குத் தெரியுது.”

“அப்புறம் என்ன” என்றாள். “கல்லு தப்பு பண்ணல. இருக்கிற இடம் தப்பு. சக்கரம் எங்க இருக்கு?”

“நடுவுல. சாப்பாட்டு மேசைக்கு அடியில.”

“அங்க வை.”

ரோட்டோரத்தில் ஒரு மணி நேரம் கல் சுமந்தார்கள். அவள் எடுத்துக் கொடுத்தாள், அவன் மேசைக்கு அடியில் ஊர்ந்துபோய்ச் சக்கரத்துக்கு நேர் மேலே தரையோடு தரையாக அடுக்கினான். பெல்ட் போட்டுக் கட்டினான். நகரக் கூடாது என்பதற்காகத் துண்டுகளைச் செருகினான். ஒரு கிரேட்டுக்கு இடமில்லை. அதைக் கொஞ்ச நேரத்துக்குக் காரின் பின்சீட்டில் வைத்தார்கள். மூக்கில் எரிவாயு உருளைகளும் கருவிப்பெட்டியும் மட்டும் மிஞ்சின. காரின் வாலை அழுத்தாத அளவுக்கு மூக்கு கனக்க அதுவே போதும்.

சங்கிலியில் ஒரு கண்ணி தளர்த்தினாள். நெவில் சக்கரத்துக்குப் போய் மண்டியிட்டான்.

“நாலு விரல்” என்றான். எழுந்திருக்காமல் இன்னொரு தடவை நுழைத்துப் பார்த்தான். “நாலு.”

செதுனாவுக்குத் திரும்பி வரும் வழியில் இரண்டு லாரிகள் எதிரே வந்தன, ஒன்று பின்னாலிருந்து தாண்டியது. ஒவ்வொரு முறையும் கேரவன் லேசாகச் சாய்ந்து, திரும்ப வந்து, நடுவில் நின்றது. அவ்வளவுதான். மூன்றாவது லாரிக்கு நெவில் மூச்சைப் பிடிக்கவில்லை.

*

டாரில் மதியம் வந்தான். ரப்பர் பூட்ஸ், சட்டையில் கடல் வாடை. படியில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தான். அடுப்பில் பெரிய பானை கொதித்துக்கொண்டிருந்தது.

“என்ன அது?”

“உருளைக்கிழங்கு” என்றாள் கோரல்.

“மூட்டையையே வேகவைக்கிறியா? யாருக்கு இவ்ளோ?”

அவள் பானையைக் கிளறினாள். டாரிலின் முகம் மாறியது. மேற்கு மாநில எல்லைச் சாவடியில், பயிர்நோய் பரவும் என்று, வேகாத உருளைக்கிழங்கைப் பிடுங்கிக்கொள்வார்கள். வெந்ததை விடுவார்கள். செதுனாவில் எந்தக் குழந்தைக்கும் இது தெரியும்.

“அப்ப கேரவன் எனக்கு இல்ல.”

“இல்ல.”

“நெவில், நீதானேடா போன் பண்ணினே? ரெண்டு பசங்ககிட்ட இடம் இருக்குன்னு சொல்லிட்டேன். படகுல படுக்கவைக்கவா?”

“ஓட்டுறவ அவ. அவகிட்டப் பேசு” என்றான் நெவில்.

“அவ பேச மாட்டேங்குறா. கிழங்கு வேகவைக்கிறா.”

கோரல் கரண்டியை வைத்தாள். “வெறுங்கையோட அனுப்ப மாட்டேன் டாரில். கார்ல பின்சீட்ல ஒரு கிரேட் இருக்கு. எடுத்துக்கோ.”

டாரில் போய்ப் பார்த்தான். திரும்பி வந்தான். “இது கல்லு.”

“நல்ல கல்லு” என்றான் நெவில். “தோட்டத்துல வை.”

நெவில் ஒரு பக்கம் பிடிக்க, அவன் திட்டிக்கொண்டே தூக்கிப் போனான். போகும்போது படிமேல் ஒரு பை சிப்பியை வைத்துவிட்டுப் போனான். அது கேரவன் கிடைக்கும் சந்தோஷத்தில் கொண்டுவந்தது. திரும்ப எடுத்துப் போக வெட்கப்பட்டான்.

கோரல் கொண்டுபோக முடியாத தேன் பாட்டிலை வாங்கிக்கொள்ள மார்லீன் வந்தாள். தேனையும் சாவடியில் விடமாட்டார்கள். கோரல் கிளம்புவதற்காகச் சங்கிலியை மாட்டக் குழாயை எடுத்ததும் மார்லீன் கூவினாள். “ஐயோ, என்ன பண்றே?”

“மாட்டுறேன்.”

“இப்படியா? முதல்ல மூக்குக்கு அடியில இருக்கிற சின்னச் சக்கரத்தோட கைப்பிடியச் சுத்தி, காரையும் கேரவனையும் சேர்த்து மேல ஏத்து. ஏத்திட்டு மாட்டு. விரலால மாட்டலாம். நான் நேத்தே சொல்லலியா?”

“இல்ல.”

“சொல்லியிருக்கணும். மீன் அறுத்துக்கிட்டு இருந்தேன்.”

மார்லீனே கைப்பிடியைச் சுற்றினாள். காரின் வாலும் கேரவனின் மூக்கும் சேர்ந்து மேலே வந்தன. சங்கிலி தொய்ந்தது. கண்ணி தானாக இடத்துக்கு வந்தது. கோரல் ஒரு கையால் கொண்டியைத் தூக்கிப் போட்டாள். கோரலும் நெவிலும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவன் அவள் காதைப் பார்த்தான்.

“தோளு?” என்றான்.

“இருக்கு.”

*

பெனோங் ஊரைத் தாண்டியதும் மரங்கள் குறைந்தன. பிறகு இல்லாமல் போயின. வெயில் முன்னாலிருந்து வந்தது. கோரல் ஒரு கையில் ஸ்டியரிங், ஒரு கையில் வெந்த உருளைக்கிழங்கு. நெவில் அதில் உப்பு போட்டுக் கொடுத்திருந்தான்.

எதிரே கார் வந்தது. விளக்கைச் சிமிட்டவில்லை. நெவில் விரலை உயர்த்தினான். கார்க்காரரும் ஒரு விரலை உயர்த்தினார்.

“என்ன பண்ணினான்?” என்றான் நெவில்.

“கும்பிட்டான்.”

“நெஜமாவா?”

“நெஜமா.”

பின்னால் ஒரு லாரி வெகுநேரமாகத் தொடர்ந்து வந்தது. ரேடியோ கரகரத்தது. பெண் குரல்.

“நெவில், கேக்குதா? பின்னாடி வர்ற லாரி நான்தான். தாண்டப் போறேன்.”

நெவில் மைக்கை எடுத்தான். “வா மேட். வழி சுத்தமா இருக்கு.” அது அவனுக்குத் தெரியாது. கோரல் தலையசைத்ததை ஓரக்கண்ணால் பார்த்துத்தான் சொன்னான்.

லாரி பக்கத்தில் ஏறி வந்தது. முதல் பெட்டி, இரண்டாவது பெட்டி, மூன்றாவது. காற்று கேரவனைத் தொட்டது. கேரவன் சாய்ந்தது. வந்தது. நின்றது. கோரல் உருளைக்கிழங்கைக் கீழே வைக்கவில்லை.

லாரி முன்னால் போய்த் தன் பக்கத்துக்கு வந்தது. ரேடியோ மறுபடி பேசியது. நெவிலின் கட்டைவிரல் மைக்கின் பொத்தான் மேல் இருந்தது. அவன் கோரல் பக்கம் திரும்பியிருந்தான்.

“பத்து மைலா உன் வண்டியத்தான் பாத்துக்கிட்டே வர்றேன் நெவில். கோடு போட்ட மாதிரி போகுது. ஓட்டுறது யாரு?”

நெவில் மைக்கைக் கோரலின் வாயருகே நீட்டிப் பொத்தானை அழுத்தினான்.